தினம் ஒரு ரூபாய்க்குப் பாட்டு!

வீட்டுக்கு ஒரு சந்தா போதும். வாடகை எது, சொந்தம் எது என்று தெரிந்திருக்க வேண்டும்

காலை மணி 6.

செங்கல்பட்டு ரெயில் நிலையத்தில், சென்னைக்குப் போகும் மின்சார ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரியவர். எதிரே ஒரு கல்லூரி மாணவி. வாசல் பக்கத்தில், மறைமலைநகருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள்.

எல்லோர் கையிலும் செல்போன். பெரியவர் காதில் 60 ஆண்டுக்கு முந்திய பாட்டு. மாணவி காதில் போன வாரம் வந்த பாட்டு. ரெயில் கொளவாய் ஏரிக் கரையோரம் ஓடுகிறது.

அதே நேரத்தில், கிழக்கே சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் மாமல்லபுரம் விழித்துக்கொள்கிறது. சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் கேட்கிறது. உளிச் சத்தத்துக்கு நடுவே, கல் தூசி படிந்த ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்கிறது. பக்கத்தில் உள்ள மீனவர் குப்பத்தில் பைபர் படகு கரை ஏறிவிட்டது. வலையில் இருந்து மீனைப் பிரித்தெடுக்கும் கைகளுக்கும் துணை பாட்டுதான்.

ரெயிலில் போகிறவருக்கும் பாட்டு வேண்டும். கல் செதுக்குகிறவருக்கும் பாட்டு வேண்டும். கடலுக்குப் போய் வந்தவருக்கும் பாட்டு வேண்டும்.

ஆனால், "பாட்டுக்கு மாதம் பணம் கட்டுங்கள்" என்று சொன்னால் என்ன பதில் வருகிறது?

"பாட்டுக்குப் போய்ப் பணமா? அதுதான் சும்மா கிடைக்கிறதே!"

உண்மையில் சும்மா கிடைக்கிறதா? அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தபால் ஆபீசில் கட்டிய பணம்

பாட்டு எந்தக் காலத்திலும் சும்மா கிடைத்தது இல்லை.

கிராமபோன் காலத்தில், ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் பாடும். எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரலையும், கே.பி.சுந்தராம்பாளின் குரலையும் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டுமானால், பெட்டியும் வாங்க வேண்டும். தட்டும் வாங்க வேண்டும். அது வசதி உள்ளவர்களுக்கே முடிந்தது. மற்றவர்கள் ஓட்டல் வாசலிலும், கல்யாணப் பந்தலிலும் நின்று கேட்டார்கள்.

பிறகு ரேடியோ வந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி தொடங்கியது. ரேடியோவில் பாட்டு இலவசம் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரேடியோப் பெட்டி வைத்திருக்க லைசென்சு வேண்டும். ஆண்டுதோறும் தபால் ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கட்டத் தவறினால் அபராதம். 1980-களில்தான் அந்த லைசென்சு முறை ஒழிந்தது.

அந்த லைசென்சுப் பணம் என்ன? அதுவும் ஒரு வகைச் சந்தாதான்! தாத்தா ஆண்டுக்கு ஒரு முறை தபால் ஆபீசில் கட்டினார். பேரன் மாதத்துக்கு ஒரு முறை செல்போனில் கட்டுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து கேசட் வந்தது. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி உலகத்துக்குக் காட்டிய அந்தச் சிறு பெட்டி, 1980-களில் நம் ஊர்க் கடைத்தெருவரை வந்துவிட்டது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் வெற்றுக் கேசட்டுடன் கடையில் கொடுப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால், பதிவு செய்து தருவார்கள். கேசட் விலை ஒன்று. பதிவுக் கூலி ஒன்று.

அதற்குப் பிறகு குறுந்தகடு. அதற்குப் பிறகு, செல்போன் கடையில் "மெமரி கார்டில்" நிரப்பித் தந்த ஆயிரம் பாட்டு. அதற்கும் கடைக்காரர் கையில் காசு கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காசில் ஒரு பைசாகூடப் பாட்டு எழுதியவருக்குப் போகவில்லை. இசை அமைத்தவருக்கும் போகவில்லை.

ஆகவே, கேள்வி "காசு கொடுப்பதா, வேண்டாமா" என்பது அல்ல. எதற்குக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

சந்தா என்றால் என்ன?

ஸ்பாட்டிபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் என்று பல இசைச் சேவைகள் இருக்கின்றன. கோடிக்கணக்கான பாட்டுகளை அவை அடுக்கி வைத்திருக்கின்றன. மாதச் சந்தா கட்டினால், விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். நடுவில் விளம்பரம் வராது. பாட்டைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டு, இன்டர்நெட் இல்லாத இடத்திலும் கேட்கலாம்.

விலை என்ன? 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்பாட்டிபை இந்தியாவுக்கு வந்தபோது, மாதச் சந்தா 119 ரூபாய். அடுத்த மாதம் யூடியூப் மியூசிக் வந்தது. அதன் சந்தா 99 ரூபாய். உடனே ஏப்ரல் மாதத்தில் ஆப்பிள் மியூசிக் தன் சந்தாவை 120 ரூபாயில் இருந்து 99 ரூபாயாகக் குறைத்தது. போட்டியினால் மக்களுக்கு லாபம்! அதற்குப் பிறகு விலைகள் ஏறி இருக்கின்றன. இனியும் மாறும். சேருகிற அன்று என்ன விலை என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

இங்கேதான் ஒரு நல்ல வழி இருக்கிறது. அதன் பெயர் குடும்பச் சந்தா.

ஒருவர் பணம் கட்டினால், ஆறு பேர் வரை சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு சில சேவைகளில் உண்டு. ஆளுக்குத் தனித்தனிப் பட்டியல். பாட்டி கேட்கும் பாட்டு பேரன் பட்டியலில் வந்து குழப்பாது. குடும்பச் சந்தா, தனியாள் சந்தாவைப்போல் ஆறு மடங்கு இருப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, அதற்குச் சற்று முன்பின்தான்.

ஒரு குடும்பச் சந்தா மாதம் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குப் பிரித்தால், ஆளுக்கு 30 ரூபாய். மாதத்துக்கு 30 நாள். ஆளுக்குத் தினம் ஒரு ரூபாய்!

தினம் ஒரு ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும்? ஒரு டீகூடக் கிடைக்காது.

ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பல சேவைகளில், குடும்பச் சந்தாவில் சேருகிறவர்கள் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று விதி. ஊரில் உள்ள அத்தை, துபாயில் உள்ள மாமா எல்லோரையும் சேர்க்க முடியாது.

இலவசத்தின் விலை

"இலவசமாகவே கேட்கலாமே" என்பவர்களுக்கு என்ன பதில்?

கேட்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் இலவசமாகக் கேட்பதற்கும் ஒரு விலை உண்டு.

முதலாவது, விளம்பரம். பக்திப் பாட்டு முடிந்ததும் சோப்பு விளம்பரம் பாடும். தாலாட்டுக் கேட்டுக் குழந்தை கண் அயரும் நேரத்தில், கார் விளம்பரம் அலறும்.

இரண்டாவது, பேட்டரி. யூடியூபில் இலவசமாகப் பாட்டுக் கேட்பவர்கள், திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடுகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். பாட்டுக்காகப் படத்தையும் ஓடவிட வேண்டும். பேட்டரியும் தீரும். டேட்டாவும் தீரும்.

மூன்றாவது, டேட்டா. இதில்தான் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்று, சாதாரணத் தரத்தில் சுமார் 5 எம்.பி. இருக்கும். உயர்ந்த தரத்தில் சுமார் 10 எம்.பி. இருக்கும். அந்தப் பாட்டை இறக்கி வைக்காமல் 30 நாள் தினமும் கேட்டால், 30 தடவை டேட்டா செலவாகலாம். ஒரு முறை இறக்கி வைத்துவிட்டால், செலவு ஒரு தடவைதான். பிறகு ஆயிரம் தடவை கேட்டாலும் டேட்டா செலவு இல்லை.

இன்னொன்று. பலர் தினம் 1½ ஜி.பி., 2 ஜி.பி. என்று கிடைக்கும் ரீசார்ஜ் போட்டிருக்கிறார்கள். அன்றைய மிச்சம் நள்ளிரவோடு போய்விடுகிறது. அது வீணாகும் பணம். இரவு படுக்கப் போகும் முன், அந்த மிச்சத்தில் பாட்டுகளை இறக்கி வைக்கலாம். ஒரு ஜி.பி. மிச்சம் இருந்தால், சாதாரணத் தரத்தில் சுமார் 200 பாட்டு இறக்கலாம். செங்கல்பட்டில் இருந்து சென்னை கடற்கரை நிலையம் வரை 60 கிலோ மீட்டர். போக வர மூன்று நாள் கேட்டாலும் அந்த 200 பாட்டு தீராது!

கடற்கரைக்கு இது இன்னும் பொருந்தும். படகு கரையை விட்டுத் தூரம் போகப் போக, செல்போன் சிக்னல் மங்கும், பிறகு அற்றுப்போகும். அங்கே இலவசப் பாட்டு ஒலிக்காது. இறக்கி வைத்த பாட்டு ஒலிக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கடலில் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கக் கூடாது. பக்கத்துப் படகுக்காரர் கூப்பிடும் குரல் காதில் விழ வேண்டும். அவசரத்துக்குப் பேட்டரியும் மிச்சம் இருக்க வேண்டும். பாட்டைவிட உயிர் பெரிது.

நான்காவது காரணம், நியாயம். 2012-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாப் பாட்டை எழுதியவரும், இசை அமைத்தவரும் தங்களுக்கு உரிய ராயல்டிப் பங்கை இழந்துவிடாதபடி அந்தத் திருத்தம் வழி செய்தது. முறையான சேவையில் ஒரு பாட்டு ஒலித்தால், அதில் சிறு தொகையாவது உரிமை உள்ளவர்களுக்குப் போக வழி இருக்கிறது. அந்தத் தொகை மிகக் குறைவு என்று உலகெங்கும் கலைஞர்கள் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் திருட்டுப் பதிவில் அந்தக் குறைந்த தொகையும் இல்லையே! சிற்பியின் சிலையைக் கூலி கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போனால் மாமல்லபுரம் சும்மா இருக்குமா? பாட்டும் ஒரு சிலைதான். கண்ணுக்குத் தெரியாத சிலை.

பூட்டிய கடையும் போன பாட்டும்

இனி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் சந்தாவைப் புகழ்ந்தால், அது யோசனை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

சந்தா கட்டி இறக்கும் பாட்டு, சொந்தப் பாட்டு அல்ல. அது வாடகைப் பாட்டு.

முன்பு ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓட்டலாம். எத்தனை வருடம் ஓட்டினாலும் சைக்கிள் கடைக்காரருடையதுதான். இந்தப் பாட்டும் அப்படித்தான். அந்தச் சேவையின் செயலிக்குள் மட்டுமே அது பாடும். வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. பென் டிரைவில் ஏற்ற முடியாது. சந்தா நின்றால், இறக்கி வைத்த பாட்டும் நின்றுவிடும். சில சேவைகளில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டில் இணைய வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு திறக்காது.

சந்தா கட்டுகிறவர் தவறாமல் கட்டுகிறார். கடையே மூடிவிட்டால்?

அப்படி நடந்திருக்கிறது. ஏர்டெல் கம்பெனி 2014-ல் "விங்க்" என்ற இசைச் சேவையைத் தொடங்கியது. பத்து ஆண்டுகள் நடந்தது. ஏராளமான பேர் அதில் பாட்டுப் பட்டியல் போட்டு வைத்தார்கள். பாட்டுகளை இறக்கி வைத்தார்கள். 2024-ல் அந்தச் சேவையை மூடப்போவதாக அறிவித்தார்கள். "ரெஸ்ஸோ" என்ற மற்றொரு சேவை, 2024 ஜனவரி 31-ந்தேதியோடு இந்தியாவில் முடிந்தது. வேறு சேவைக்கு மாறலாம். ஆனால் பல வருடம் சேர்த்த பட்டியலைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2012 பிப்ரவரியில் பிளிப்கார்ட் கம்பெனி "பிளைட்" என்ற பாட்டுக் கடையை இன்டர்நெட்டில் திறந்தது. அங்கே சந்தா இல்லை. பாட்டுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிய பாட்டில் பூட்டு இல்லை. எந்தக் கருவியிலும் ஏற்றிக் கேட்கலாம். அந்தக் கடை நிலைக்கவில்லை. 2013 ஜூன் மாதத்தில் மூடினார்கள். ஆனால் அங்கே பாட்டு வாங்கித் தன் கம்ப்யூட்டரில் வைத்தவருக்கு நஷ்டம் இல்லை. கடை போனது, பாட்டு இருந்தது!

இரண்டு கதையும் சொல்வது ஒன்றுதான். வாடகைக்கு எடுத்தது, கடை உள்ளவரை. விலைக்கு வாங்கியது, தான் காப்பாற்றி வைக்கும்வரை.

அப்படியானால் சந்தா வேண்டாமா? வேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை. வாடகை வீட்டில் கோடிக்கணக்கானவர்கள் சுகமாக வாழவில்லையா? வாடகை வீடு என்று தெரிந்து குடியிருந்தால் கஷ்டம் இல்லை. சொந்த வீடு என்று எண்ணிக் குடியிருந்தால்தான் கஷ்டம்.

எந்தச் சேவையில் சேருவது?

"இதில்தான் சேர வேண்டும்" என்று எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சோதனையைச் சொல்லலாம். அதற்குப் பத்துப் பாட்டுச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லோரும் ஒரு மாலை நேரம் உட்கார வேண்டும். ஒரு தாள் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்ல, பத்துப் பாட்டு எழுத வேண்டும். பாட்டிக்குப் பிடித்த பழைய நாதசுரம், அப்பாவின் இளமைக்கால சினிமாப் பாட்டு, அம்மாவின் பக்திப் பாட்டு, பிள்ளைகளின் புதுப் பாட்டு எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன், இலவசமாகப் பார்க்க முடிந்த சேவைகளில் அந்தப் பத்தையும் தேட வேண்டும். அதே பாடகர் பாடிய அதே பதிவுதானா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பத்தில் எட்டாவது இருந்தால், அந்தச் சேவை அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும். ஐந்துதான் இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய கச்சேரிகளும், கோயில் திருவிழாப் பதிவுகளும் அதிகம் கேட்கிற வீடு என்றால், யூடியூப் மியூசிக்கை முதலில் சோதித்துப் பார்க்கலாம். யூடியூபில் மக்கள் ஏற்றிய பதிவுகளில் பலவும் அங்கே கிடைக்கும். புதுப் படப் பாட்டுகளை மட்டும் கேட்கும் வீட்டுக்கு, பெரிய சேவைகளுள் எது மலிவோ அது போதும். செல்போன் ரீசார்ஜோடு சில சமயம் இசைச் சந்தாவும் சேர்ந்து வருகிறது. புதிதாகப் பணம் கட்டும் முன், ஏற்கனவே கட்டிய பணத்தில் அது அடங்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் தடவையே ஒரு வருடச் சந்தா கட்ட வேண்டாம். ஒரு மாதம் கட்டிப் பார்க்கலாம். வீட்டில் உண்மையிலேயே கேட்கிறார்களா என்று கவனிக்கலாம். பிறகு நீட்டிக்கலாம்.

பணம் பிடிப்பதைக் கவனியுங்கள்

பல குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுதான்.

"முதல் மாதம் இலவசம்" என்பார்கள். சேரும்போதே, அடுத்த மாதம் முதல் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். "ஆட்டோபே" என்று அதற்குப் பெயர். சேர்ந்தவர் மறந்துவிடுவார். பணம் மறக்காமல் போய்க்கொண்டிருக்கும்.

"செயலியைத்தான் செல்போனில் இருந்து அழித்துவிட்டேனே" என்பார்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது! சேவையின் கணக்குக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். அல்லது, பணம் கட்டும் யு.பி.ஐ. செயலியிலோ பாங்கியிலோ அந்த ஆட்டோபே சம்மதத்தை நீக்க வேண்டும்.

இதற்கு ரிசர்வ் பாங்கியின் விதி ஒரு பாதுகாப்பு. 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, இப்படிப்பட்ட மாதச் சந்தாப் பணத்தைப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். ஆகவே, பாங்கியில் இருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் காட்டலாம்.

யாராவது போன் செய்து, "உங்கள் இசைச் சந்தா முடிகிறது, ஓ.டி.பி. எண் சொல்லுங்கள்" என்று கேட்டால், சொல்லவே கூடாது. அப்படிக் கேட்பவர் பாட்டு விற்பவர் அல்ல, பணம் பறிப்பவர்.

கையில் பணம் இறுக்கமாக இருக்கும் வீட்டுக்கு ஒரு சொல்: கடன் வாங்கிப் பாட்டுக் கேட்க வேண்டாம். வானொலி இருக்கிறது. 1957 அக்டோபர் 3-ந்தேதி, சினிமாப் பாட்டு கேட்க மக்கள் இலங்கை வானொலியை நாடிய காலத்தில், விவித பாரதி தொடங்கியது. இன்றும் வானொலி பாடுகிறது. லைசென்சும் இல்லை. சந்தாவும் இல்லை.

சந்தாவில் கிடைக்காத பாட்டு

கடைசியாக ஒன்று.

கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்தக் கோடியிலும் கிடைக்காத பாட்டு ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

பாட்டி பாடும் தாலாட்டு எந்தச் சேவையில் கிடைக்கும்? நடவு வயலில் கேட்ட பாட்டு எங்கே கிடைக்கும்? கரைவலை இழுத்த காலத்தில் பெரியவர்கள் ஒரே குரலில் பாடிய பாட்டு? ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தில், அந்த ஊர்க் கலைஞர் பாடிய பாட்டு?

பாட்டி இருக்கும்போது அந்தப் பாட்டை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பாட்டி போன பிறகு, "ஒரு தடவை பதிவு செய்து வைத்திருக்கலாமே" என்று வருந்தாத வீடு குறைவு.

அதற்குச் சந்தா வேண்டாம். கையில் உள்ள செல்போனே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அமைதியான அறையில், போனைப் பக்கத்தில் வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். யார் பாடியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று தொடக்கத்தில் சொல்லிப் பதிவது நல்லது. கூத்துக் கலைஞரையோ நாதசுரக் கலைஞரையோ பதிவு செய்வதானால், அவரிடம் அனுமதி கேட்டுச் செய்வதே மரியாதை. பதிவை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்: ஒன்று போனில், மற்றொன்று மெமரி கார்டிலோ கம்ப்யூட்டரிலோ. போன் தொலைந்தாலும் பாட்டு தொலையாது.

மாமல்லபுரத்துக் கல்லில் செதுக்கிய உருவங்கள் 1,300 ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. அதே காலத்தில் அதே கரையில் பாடிய பாட்டுகள் என்ன ஆயின? செதுக்கினதால் சிலை நின்றது. பாட்டைப் பிடித்து வைக்க அன்று கருவி இல்லை. இன்று இருக்கிறது, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

ஆகவே, வசதி உள்ள குடும்பம் ஒரு குடும்பச் சந்தா எடுக்கட்டும். தினம் ஒரு ரூபாய், வீண் செலவு அல்ல. ரெயிலில் போகிறவருக்கு வழித்துணை. வேலை செய்கிறவருக்குக் களைப்புத் தீர மருந்து. பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் சிறு கூலி.

ஆனால் அந்த வாடகைப் பாட்டை இறக்கி வைக்கும் இரவில், பாட்டியின் தாலாட்டையும் ஒரு தடவை பதிவு செய்து வைக்கட்டும்.

வாடகைப் பாட்டு, சந்தா உள்ளவரை பாடும். பாட்டியின் பாட்டு, பேரன் காலத்துக்கும் பாடும்!